இரண்டு சுண்டுவிரலுக்கு ஒரு கட்டை

சலவைக்கடையின் இஸ்திரி அறைக்குள் ஒரு பியானோ வந்து சேர்ந்ததற்குக் காரணம் மாடிப்படிதான். மூன்றாம் மாடிக்குக் குடிவந்த ஒரு குடும்பம் அதை மேலே ஏற்றிப் பார்த்தது. முதல் வளைவிலேயே அது திரும்ப மறுத்துவிட்டது. சுமந்தவர்கள் மூச்சு வாங்கி, சுவரைத் திட்டி, கடைசியில் கீழ்த்தளத்துக் கடையில் இறக்கிவைத்தார்கள். சீக்கிரம் எடுத்துக்கொள்கிறோம் என்றது அந்தக் குடும்பம். பிறகு அது வேறு ஊருக்குப் போய்விட்டது. பியானோ போகவில்லை.

கடைக்காரி முதலில் அதன் மேல் தலையணை உறைகளை அடுக்கினாள். அவளுக்கு இரண்டு பெண்கள். அவர்களாவது தட்டட்டும் என்று ஒருநாள் மூடியைத் திறந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்காக இஸ்திரிப் பெட்டிகள் அணைந்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் அந்த அறை பிள்ளைகளுக்கு. அதற்குள் ஒருத்தி வாசித்து எழுந்து, மற்றவள் உட்கார்ந்து முடிப்பதற்குள் பெட்டிகள் சூடாகிவிடும். தினமும் சண்டை.

"ரெண்டு பேரும் சேர்ந்தே உக்காருங்களேன்," என்றாள் அம்மா. "அவ்வளவு நீளமாத்தானே செஞ்சு வச்சிருக்கான் அதை."

இருவர் சேர்ந்து வாசிப்பதற்கென்றே இசை எழுதப்பட்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் அப்போது தெரியாது. பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் 'பிறவி ஒற்றுமை' என்று எழுதினார்கள். பிறவியெல்லாம் இல்லை. நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

அக்கா இடப்பக்கம் உட்கார்ந்தாள். கொதிகலன் அந்தப் பக்கத்துச் சுவரோரம் இருந்தது. சின்னவள் சூடு தாங்கமாட்டாள் என்று அக்காவே அதை எடுத்துக்கொண்டாள். அதனால் கீழ்ச்சுரங்கள் அவளுக்கு, கால் எட்டியதால், அடித்த சுரத்தை நீட்டிப் பிடிக்கும் பெடலும் அவளுக்கு. வலப்பக்கம் தங்கை. மேல்சுரங்கள், பாட்டு நடக்கும் பக்கம். பெரியவர்களாகி மேடை ஏறிய பிறகும் அப்படியே. மேடையில் வலப்பக்கம்தான் சபையின் பக்கம். சபை பார்த்தது தங்கையின் முகத்தை. அக்கா அவள் தோளுக்குப் பின்னால் ஒரு கொண்டையாகவும் ஒரு மூக்கு நுனியாகவும் மட்டுமே தெரிந்தாள்.

பள்ளிக்கூட மண்டபங்கள், நூலகங்களின் மேல்மாடிகள், பிறகு பெரிய ஊர்களின் அரங்குகள், ஒரு தடவை வானொலி. ரயிலில் இரண்டு கைப்பெட்டி எடுத்துப் போவார்கள். ஒன்றில் இசைத்தாள்கள், மற்றதில் அக்கா தன் கையால் இஸ்திரி போட்ட கறுப்பு உடைகள். கச்சேரி இல்லாத நாட்களில் இருவரும் கடையில்தான். ஹோட்டல் விரிப்புகளை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு முனையிலும் பிடித்து, உதறி, ஒருத்தி நிற்க, மற்றவள் நடந்து வந்து தன் மூலைகளை அவள் கையில் கொடுக்க வேண்டும். நிற்பது அக்கா. நடப்பது தங்கை.

அம்மாவுக்கு இசைத்துண்டுகளின் பெயர் வாயில் நுழையாது. எதைத் தேய்க்கும்போது எதைக் கேட்டாளோ அதுவே பெயர். குட்டி நடனங்கள் எல்லாம் 'கைக்குட்டை'. வேகமாக ஓடும் ஒன்று 'சட்டைக்காலர்'. நாலு கைக்கென்றே எழுதப்பட்டு, சோகமாகத் தொடங்கி, எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும் நீளமான ஒன்று 'பெரிய விரிப்பு'. வீட்டில் எல்லாருக்கும் அதுவே பழகிப்போனது. ஒரு பேட்டியில் தங்கை, "அடுத்து பெரிய விரிப்பு வாசிக்கிறோம்" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டதும் உண்டு.

வாசிக்கையில் அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, தலையசைப்பதில்லை. தொடங்கும் முன் தங்கை மூக்கால் மெல்ல ஒரு மூச்சு இழுப்பாள். எவ்வளவு வேகம், எவ்வளவு கனம் என்பதெல்லாம் அந்த மூச்சிலேயே இருக்கும். அக்காவின் கை அதன் மேல் இறங்கும்.

அந்த மழைக்காலத் தொடக்கத்தில், வெளியூர்க் கச்சேரி ஒன்றில், கை இறங்கவில்லை. பெரிய விரிப்பின் நடுவில் எல்லாம் நின்று மௌனமாகி மறுபடி தொடங்கும் இடம். தங்கை மூச்சிழுத்தாள், வாசித்தாள். அவளுடைய சுரம் மட்டும், கொடியில் மறந்துவிட்ட ஒற்றைக் காலுறை மாதிரி, அரங்கத்தில் தனியாகத் தொங்கியது. அரை விநாடி கழித்துத்தான் அக்கா வந்து சேர்ந்தாள்.

திரும்பி வரும் ரயிலில் தங்கை கேட்டாள். "அங்க என்ன, தூங்கிட்டியா?"

அக்கா ஜன்னலில் வழியும் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை மறுபடி கேட்டாள். பதில் இல்லை. சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து எதிர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"என்ன கேட்டே?" என்ற அக்கா, தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்து வலது காதின் மேல் வைத்துக்கொண்டாள். "இந்தக் காது போச்சுடி."

"போச்சுன்னா?"

"காய்ச்சல் வந்து படுத்தேனே, அதுலேர்ந்து. முதல்ல அடைச்ச மாதிரி இருந்துச்சு. தானா திறக்கும்னு பாத்தேன். திறக்கலே."

"இவ்வளவு நாளு எப்படி வாசிச்சே?"

"உன் தோளு ஏறி இறங்கறது ஓரக்கண்ணுல தெரியும். அதைப் பாத்து வாசிச்சேன். இன்னைக்கு நீ அந்தத் தொளதொள சட்டையைப் போட்டுட்டு வந்துட்டே. மூச்சு எங்க இருக்குன்னே தெரியலே."

சிரிக்கவா அழவா என்று தெரியாமல் தங்கை தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். அக்கா ஆசையாகத் தைத்துக் கொடுத்த சட்டை.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, நரம்பு போய்விட்டது, இனித் திரும்பாது என்றார். இடது காது நன்றாக இருப்பதற்குச் சந்தோஷப்படுங்கள் என்றும் சொன்னார். வீட்டில் அந்தச் சந்தோஷத்தை ஆளுக்கொரு விதமாகப் பட்டார்கள். அம்மா, "கடைக்கு வர்றவங்க பேசறதுல பாதி கேக்காம இருந்தா ஆயுசு கூடத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, ஆவி பறக்கும் இஸ்திரி மேசையின் மேல் தேவைக்கு மேல் குனிந்துகொண்டாள். அக்காவின் கணவர், கடையின் வண்டி ஓட்டும் அத்தான், "ரெண்டு காது இருந்தப்பவே நான் சொன்னது அவளுக்குக் கேட்டதில்லை. எனக்கென்ன நஷ்டம்?" என்றார். அன்று அவர் ஹோட்டல் மூட்டையை மருத்துவமனையிலும் மருத்துவமனை மூட்டையை ஹோட்டலிலும் இறக்கிவிட்டு வந்தார்.

கச்சேரிகளை ஏற்பாடு செய்பவர் எந்நேரமும் தலையில் தொப்பியோடு இருப்பவர். வீட்டில் அவருக்குத் தொப்பி என்றே பெயர். மழை விட்டதும் தலைநகரத்தின் பெரிய அரங்கில் கச்சேரி. பெரிய விரிப்புதான் முக்கிய உருப்படி. அவர் தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உங்க அக்கா ஓய்வெடுக்கட்டும். வேற நல்ல ஆளா ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வைக்கிறேன். இல்லை, நீங்க தனியாவே வாசிங்க. எத்தனை பேரு கேக்கறாங்க தெரியுமா, அந்த வலப்பக்கத்து அம்மா தனியா வாசிக்க மாட்டாங்களான்னு."

யோசித்துச் சொல்கிறேன் என்று தங்கை வைத்துவிட்டாள். யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் 'தனியா' என்ற சொல் காதில் விழுந்தபோது உள்ளே ஏதோ ஒன்று, பூட்டிய அறையில் ஜன்னல் திறந்ததுபோல், ஒரு கணம் குளிர்ந்ததை அவள் உணர்ந்திருந்தாள். அந்தக் குளிர்ச்சியை அவளால் மறுக்க முடியவில்லை. அது ஆசையா, இத்தனை காலம் பெஞ்சில் பாதி இடத்தில் உட்கார்ந்த களைப்பா? தெரியவில்லை. தனியாக வாசிக்கும் தன்னை அவள் கற்பனை செய்து பார்த்தாள். அந்தப் படத்தில் பெஞ்சின் இடப்பாதி காலியாகவே இருந்தது. எவ்வளவு முயன்றும் தன்னை நடுவில் நகர்த்தி உட்காரவைக்க அவளால் முடியவில்லை.

அக்காவுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. விரிப்பு மடிக்கையில் அவளே தொடங்கினாள்.

"தொப்பி கூப்பிட்டாராமே. போ. நான் இங்க விரிப்பு மடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"யாரோட மடிப்பே?"

அக்கா தன் முனையை உதறினாள். வெளியே தூறல் நின்றபாடில்லை. எதுவும் காயாத வாரம். அறை முழுக்க ஈரத்துணியின் புழுக்க வாசனை. தங்கை நடந்து வந்து மூலைகளைக் கொடுத்தாள். வாங்கும்போது அக்காவின் விரல்கள் அவள் விரல்களை ஒரு கணம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு விட்டன.

அன்று மாலைச் சாப்பாட்டில்தான் தங்கை அதைக் கவனித்தாள். சூப்பும் ரொட்டியும், வேகவைத்த உருளைக்கிழங்கும். அக்கா மேசை நடுவில். அம்மா நாற்காலியை இழுத்து அவளுக்கு இடப்பக்கம் போட்டிருந்தாள். அத்தானும் தட்டைத் தூக்கிக்கொண்டு அதே பக்கம் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க அத்தை, என் முழங்கை சூப்புக்குள்ள போகுது."

"அந்தப் பக்கம் பாதி மேசை காலியாக் கெடக்கு. அங்க போய் நீட்டிப் படுத்துக்கிட்டே சாப்பிடேன்."

"அங்கேர்ந்து பேசினா இவளுக்குக் கேக்காதே."

"நீ பேசறது கேக்கலைன்னு இங்க யாரு அழுதா?"

அக்காவின் வலப்பக்கம் காலியாக இருந்தது. தெருவில் நடக்கும்போதும் இப்போதெல்லாம் எல்லாரும் அவளுக்கு இடப்பக்கம்தான் வருகிறார்கள். யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை. வீடே ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. நகராமல் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு.

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா, எழுந்து வா."

"சூப்பு ஆறிடும்டி."

"ஆறட்டும்."

இஸ்திரி அறையில் தங்கை பெஞ்சின் இடப்பக்கம் உட்கார்ந்தாள். அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

"அது என் இடம்."

"தெரியும். இனிமே நீ மேல வாசி. உன் நல்ல காது என் பக்கம் இருக்கும்."

"உனக்கென்ன பைத்தியமா? என் விரலுக்குக் கீழ்ப்பக்கம் மட்டும்தான் தெரியும். மேல எனக்கு ஊரே தெரியாது."

"எனக்கும் கீழ ஊரு தெரியாது. ரெண்டு பேரும் வழி கேட்டுக்கிட்டே போவோம்."

அக்கா உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமாக இருக்கிறதே என்றாள். தங்கையின் இடது கன்னத்தில் கொதிகலனின் சூடு பட்டது. இத்தனை காலம் இந்தச் சூடு எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மழைக்காலம் முழுக்க மத்தியானங்கள் அதிலேயே போயின. இருவரும் கற்றுக்குட்டிகள் மாதிரி தடவித் தடவி வாசித்தார்கள். தங்கைக்குப் பெரிய தொல்லை பெடல். தனியாகப் பழகும்போது தன் காலால் தன் விரலைக் கேட்பது அவளுக்குத் தெரியும். தன் காலால் இன்னொருத்தியின் விரலைக் கேட்பது தெரியாது. அழுத்தினால் அக்காவின் சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சாயம் ஏறின. எடுத்தால் வறண்டு நின்றன. தன் வாசிப்பைப் பற்றி ஊரெல்லாம் 'கண்ணாடித் தெளிவு' என்று எழுதிய வரிகள் நினைவுக்கு வந்தன. அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது அக்காவின் வலது கால். ஒவ்வொரு திருப்பத்திலும், கால்விரல் நுனியால்.

"உன் கால் வலிக்காதா?" என்று கேட்டாள்.

"வலிக்கும். கச்சேரி முடிஞ்சு நான் ஏன் முதல்ல செருப்பைக் கழட்டறேன்னு நினைச்சே?"

"புதுச் செருப்புன்னு நினைச்சேன்."

"இருபது வருஷமா புதுச் செருப்பா?"

இன்னொன்றும் இருந்தது. பெரிய விரிப்பில், இருவர் கைகளும் மிக அருகில் வரும் இடம். கீழ்ப்பக்கத்தவளின் வலது சுண்டுவிரல் ஒரு கட்டையை அழுத்தி நீளமாகப் பிடித்திருக்க வேண்டும். அது பிடித்திருக்கும்போதே மேல்பக்கத்தவளின் இடது சுண்டுவிரல் வந்து அதே கட்டையை அடிக்க வேண்டும். ஒரே கட்டை, இரண்டு விரல். எழுதியவர் கவனிக்காமல் விட்டாரா, வேண்டுமென்றே செய்தாரா, தெரியாது. தங்கை இசைத்தாளில் இருந்தபடி பிடித்தாள். அக்காவின் விரல் வந்து, ஏற்கனவே கீழே கிடந்த கட்டையின் மேல் 'டக்' என்று மோதியது. சத்தம் வரவில்லை.

மறுபடி வாசித்தார்கள். மறுபடி 'டக்'.

"விடு," என்றாள் அக்கா.

"எதை விட? பிடிக்கணும்னுதானே போட்டிருக்கு."

"போட்டிருக்கு. நான் என்னைக்குப் பிடிச்சேன்?"

தங்கை கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அக்கா இசைத்தாளைப் பார்த்துக்கொண்டே, வானிலை சொல்வதுபோல் சொன்னாள். "நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துடுவேன். அழுத்திக் கெடக்கற கட்டையை யாராலயும் மறுபடி அடிக்க முடியாதே. ஒருத்தி எடுத்துத்தான் ஆகணும்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"இதுல சொல்ல என்ன இருக்கு? கதவு திறந்திருக்குன்னு யாராவது சொல்லிக்கிட்டு இருப்பாங்களா? நீ பாட்டுக்கு வந்துக்கிட்டிருந்தே."

ஆமாம், வந்துகொண்டுதான் இருந்தாள். இத்தனை மேடைகளில், ஒரு தடவைகூட அந்தக் கட்டை கீழே இருந்ததில்லை. எப்போதும் எழுந்து, நிமிர்ந்து, அவளுக்காகக் காத்திருந்தது. கட்டை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவள் எண்ணியிருந்தாள். ஒருவர் நமக்குச் செய்ததைக் கண்டுபிடிக்க அவர் உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. அதுவும் அவர் காதைப் பறிகொடுத்த பிறகு. நன்றி சொல்லலாம் என்று தங்கை வாயைத் திறந்தாள். அந்தச் சொல் அக்காவுக்கும் அவளுக்கும் நடுவே எந்நாளும் புழங்கியதே இல்லை. வீட்டுக்குள் செருப்போடு வருவதுபோல் இருந்தது அது.

"சரி, முதல்லேர்ந்து வாசிப்போம்," என்றாள்.

இந்த முறை அவள் விரலை எடுத்தாள். அக்காவின் சுரம் ஒலித்தது.

தொப்பிக்கு அன்றே தொலைபேசி செய்தாள்.

"நாங்க ரெண்டு பேரும்தான் வாசிக்கிறோம். பக்கம் மட்டும் மாறி உக்காரப் போறோம்."

"அம்மா, ஒரு நிமிஷம். சுவரொட்டியெல்லாம் அடிச்சாச்சு. படத்துல நீங்க வலப்பக்கம் இருக்கீங்க."

"படத்தைத் திருப்பிப் போட்டுடுங்க."

"திருப்பினா பியானோவும் திரும்பிடுமே."

"திரும்பட்டும். மாடிப்படியிலே திரும்பாதது சுவரொட்டியிலயாவது திரும்பட்டும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விட்டு ஒத்துக்கொண்டார். சரிப்பட்டு வராவிட்டால் இதோடு கடைசி என்றும் சொல்லி வைத்தார். அதையும் தங்கை அக்காவிடம் மறைக்காமல் சொன்னாள்.

"அப்போ இது ஒண்ணாவது சரியா வரணும்," என்றாள் அக்கா. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

கச்சேரி நாளன்று வானம் வெளுத்திருந்தது. அம்மாவும் அத்தானும் கடையைச் சாத்திவிட்டு வண்டியிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அத்தானின் கோட்டில் சோப்புப் பொடி வாசனை. மேடை ஓரத்தில் காத்திருந்தபோது அக்கா திரை இடுக்கில் எட்டிப் பார்த்து முகம் வெளுத்தாள்.

"இவ்வளவு பேரா எப்பவும் வருவாங்க?"

"எப்பவும்தான்."

"நான் உன் தோளைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். அதுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு கூட்டம் இருக்கும்னு யாரு கண்டா?"

"உன் கேக்காத காதுதான் அந்தப் பக்கம். இருமறது, மிட்டாய்க் காகிதம் பிரிக்கிறது, எதுவும் உனக்குக் கேக்காது."

"அது ஒண்ணுதான் லாபம்."

உட்கார்ந்தார்கள். தங்கை மூச்சிழுத்தாள். அக்காவின் இடது காது அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கை இறங்கியது, ஒன்றாக. தன் கீழ்ச்சுரங்களின் மேல் பாட்டு எழுவதைத் தங்கை கேட்டாள். அவள் வாசிக்கும் விதமாக அது இல்லை. கொஞ்சம் கூச்சம் கலந்து, ஒவ்வொரு அடியையும் தொட்டுப் பார்த்து எடுத்து வைப்பதுபோல் இருந்தது. அவள் கால் அந்த விரல்களுக்குப் பின்னாலேயே போனது. பெரிய மௌனம் வந்தது. அவள் மூச்சிழுத்தாள். அக்கா தாமதிக்கவில்லை.

பிறகு அந்தக் கட்டை. தங்கையின் சுண்டுவிரல் அதைப் பிடித்திருந்தது. நேரம் வந்ததும் எடுத்தாள். நல்ல முன்னதாகவே, அக்கா எடுப்பதுபோலவே எடுத்தாள்.

எதுவும் ஒலிக்கவில்லை.

அக்காவின் விரல் கட்டைக்கு மேலே ஒரு நூல் உயரத்தில் நின்றுவிட்டிருந்தது. வாழ்நாள் பழக்கம். அந்த இடம் வந்தால் விலகு என்றுதான் அவள் விரல்களுக்குத் தெரியும். இருவரும் வழிவிட்டார்கள். நடுவில் கட்டை, நிமிர்ந்து, வெள்ளையாக, யாருக்கும் இல்லாமல் இருந்தது. பாட்டில் ஒரு சுரம் அளவுக்கு ஓட்டை விழுந்தது. மற்ற விரல்கள் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன. தங்கைக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பெஞ்சின் அந்தப் பாதியும் லேசாக நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது.

அந்த இடம் இன்னொரு தடவை வரும், முடிவுக்குச் சற்று முன்னால். நெருங்கும்போது தங்கை, இசையில் எங்கும் இல்லாத ஒன்றைச் செய்தாள். நடுவழியில், அக்காவின் நல்ல காதுக்கு மட்டும் கேட்கும்படி, மூக்கால் மூச்சிழுத்தாள். வா என்று அதற்கு அர்த்தம். விரலை எடுத்தாள்.

அக்காவின் சுண்டுவிரல் இறங்கியது. சுரம் ஒலித்தது. தங்கை காலால் அதைத் தாங்கிப் பிடித்தாள், அது அரங்கத்தின் கடைசி வரிசைவரை போய்ச் சேரும்வரை. இத்தனை காலம் தன்னுடையது என்று நினைத்திருந்த சுரம் அது. பக்கத்திலிருந்து கேட்க இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

கைதட்டல் அடங்க நேரமானது. தொப்பி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று ஏதேதோ சொன்னார். உடை மாற்றும் அறையில் தங்கைதான் முதலில் செருப்பைக் கழற்றினாள். அம்மா உள்ளே வந்து இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு இடத்துல ஒண்ணு விட்டுப்போச்சே, அது யாரு?"

"நான்தான்," என்றாள் தங்கை. "அவளுக்காக விட்டேன்."

அக்கா கண்ணாடி முன் கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "நானும்தான். இவளுக்காக விட்டேன்."

அம்மா நாற்காலியில் கிடந்த கறுப்பு உடையை எடுத்து உதறினாள். இரண்டாக மடித்தாள். "ஆளுக்கொரு முனையை விட்டா விரிப்பு தரையிலதாண்டி விழும்."

உடையை எடுக்கப் போனதில் அவள் இப்போது நின்றிருந்தது அக்காவின் வலப்பக்கம்.

"என்ன சொல்றா?" என்றாள் அக்கா, கண்ணாடியில் தங்கையைப் பார்த்து.

தங்கை வெறுங்காலோடு எழுந்து சுற்றிக்கொண்டு போய், அக்காவின் இடது காதருகில் குனிந்து, அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். அக்கா சிரித்தாள், எல்லாரையும்விட அரை விநாடி தாமதமாக. தங்கை அவளுக்காகக் காத்திருந்து, அவளோடு சேர்ந்து இன்னொரு தடவை சிரித்தாள்.